கால் பங்கு

முன்னூற்று நாற்பத்தெட்டு சிசி என்கிறது பதிவுப் புத்தகம்.
ஐம்பத்திரண்டாம் வருடத்து பி.எஸ்.ஏ.,
ஒற்றைச் சிலிண்டர்.
சர்க்கரை ஆலைக்கு ஏறும் மேட்டில்
இரண்டாம் கியரில் முனகும்.
இறங்கித் தள்ளியதும் உண்டு. பார்த்தவர்களும் உண்டு.

ஆலையில் என் வேலை கடைசல்.
பகலெல்லாம் பம்புத் தண்டு. இரவில்,
ஃபோர்மனுக்குத் தெரிந்தும் தெரியாமலும்,
என் சிலிண்டர்.

என்னுடையது என்று சொல்வதும் தப்பு.
குய்ச்சோன் பக்கத்துப் பண்ணையில் பதினெட்டு வருடம்
ஆட்டு ரோமம் கத்தரிக்கும் இயந்திரத்தை ஓட்டி
உள்ளே முட்டை வடிவமாய்த் தேய்ந்த ஐந்நூறு சிசியின் சிலிண்டர்.
கிணற்று மோட்டாரைச் சரிசெய்த கூலியாக
பண்ணைக்காரி இர்மா லர்ரோசா
கோழிக்கூண்டுக்கு அடியிலிருந்து இழுத்துக் கொடுத்தாள்.

பிஸ்டன், வாஷிங்டன் பெத்தான்கோருடையது.
ஆறு பைசந்துக்குள் வந்த வருடம்
அவன் ஃபோக்ஸ்வாகன் ஒன்பது நாள்
கண்ணாடி மட்டத்துக்குத் தண்ணீரில் நின்றது.
எடைக்குப் போட்டான். நான் எடுத்தேன்.
மூன்று வாரம் டீசலில் ஊறியும்
மூன்று பிஸ்டன்கள் துருவைக் கட்டிக்கொண்டு வர மறுத்தன.
நான்காவது, கட்டைவிரலால் தள்ளியதும்
குளித்துவிட்டு வருகிறவன் மாதிரி வந்தது.

எண்பத்தைந்தரை மில்லி.
சிலிண்டரை அதற்காக அகட்டினேன்.
மயிரிழை என்பது மற்றவர்களுக்குப் பேச்சு,
எனக்கு அளவு:
ஒரு மயிரிழை. சூடேறினால் பிஸ்டன் வீங்க
இன்னும் கால் இழை.
பின் மூன்று மில்லி தடிமன் அதிகம்;
வெண்கலப் புஷ்ஷைத் தட்டி எறிந்து
கனெக்டிங் ராடின் சின்னக் கண்ணை ரீமரால் விரித்தேன்.
தலை முட்டியது.
சிலிண்டருக்கு அடியில் மணை போடவேண்டும், நாலு மில்லி.
வெள்ளம் சாய்த்துப்போட்ட சாலைப் பலகை ஒன்று,
சிவப்பு எண்கோணம், நல்ல அலுமினியம்,
நகரசபை மன்னிக்கட்டும்.
'நில்' என்ற சொல்லில் பாதி
இப்போது எஞ்சினின் இடுப்பில் இருக்கிறது.

முன்னூற்று நாற்பத்தெட்டு, ஐந்நூற்றைந்து ஆனது.
கூடியது நூற்றைம்பத்தேழு.
அளந்து ஊற்றிப் பார்த்தேன்:
என் மாத்தே குடுவைக்கு ஒரு நிறை, தளும்பாமல்.
இவ்வளவுக்கா இத்தனை நாள்.

முதல் நாள் கணக்கு உதைத்தது.
என் கணுக்காலில் உதைத்தது.
இரண்டாம் நாள், பலகையைப் படித்துவிட்டதோ என்னவோ,
அசையவில்லை.
மூன்றாம் நாள் மாலை
பிளக்கை அடுப்பில் சுட்டு மாட்டி
வீங்கிய காலை விட்டு மற்றதால் உதைத்தேன்.
தெருநாய்கள்தான் முதலில் ஒப்புக்கொண்டன.

மூன்று தெரு தள்ளி வாஷிங்டனுக்கும் கேட்டிருக்கிறது.
வீட்டுச் செருப்போடு வந்து நின்றான்.
நாலில் ஒன்று, என் காரில் கால் பங்கு இதில் ஓடுகிறது என்றான்.
வாரத்தில் கால் பங்கு ஒன்றே முக்கால் நாள்
என்று விரல் மடக்கினான்.
விற்றாயே என்றேன்.
இரும்பு விலைக்குத்தானே விற்றேன் ஸுல்மா,
இது அலுமினியம் என்றான்.
அதற்கு என்னிடம் பதில் இல்லை. பின்சீட்டைக் காட்டினேன்.

மேடு.
மூன்றாம் கியர்.
எஞ்சினுக்குள் சுற்றும் சக்கரம் பழசு,
இந்தக் கனத்துக்குப் பழகாதது.
கைப்பிடி அதிர்ந்து அதிர்ந்து
விரல்கள் வேறு யாருடையதோ ஆயின.
முகப்பு விளக்கின் இழை அறுந்தது.
முதுகுக்குப் பின்னால் அவன் ஏதோ கத்திக்கொண்டே வந்தான்.
கேட்கவில்லை. கேட்க விருப்பமுமில்லை.

உச்சியில் போக்குவரத்துக்காரர் கை காட்டினார்.
விளக்கு எங்கே என்றார். புத்தகத்தைப் புரட்டினார்.
சூட்டில் டிக் டிக்கென்று ஆறிக்கொண்டிருந்த சிலிண்டரை
ஒருமுறை சுற்றி வந்தார்.
முன்னூற்று நாற்பத்தெட்டா?
ஆமாம் என்றேன், மண்ணைப் பார்த்து.
மீதி என்னுடையது என்றான் வாஷிங்டன்.

அபராதம் விளக்குக்கு மட்டும்.
அதிலும் கால் பங்கு போடு என்றேன்.
அவன் காதில் வாங்கவில்லை. குனிந்து,
மணையோரம் கசிந்த எண்ணெயை
விரலில் தொட்டு முகர்ந்துகொண்டிருந்தான்.
இப்படித்தான் ஒழுகும் என்றான்,
இதே பக்கம்.